இழை: எலக்ட்ரான் அமைப்பா, நிலையமைப்பா, நிரனிறையா?

பாளையங்கோட்டை, வேதியியல் ஆசிரியை:
அன்புடையீர், இரும்பின் 26 எலக்ட்ரான்களை எழுதிக் காட்டும் காணொளிக்குத் தமிழ் வரிகள் போடுகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். எந்தத் துணைக்கூட்டில் (அணுவில் எலக்ட்ரான்கள் இருக்கும் கூட்டின் உட்பிரிவில்) எத்தனை என்றால்: 1எஸ்-இல் 2, 2எஸ்-இல் 2, 2பி-இல் 6, 3எஸ்-இல் 2, 3பி-இல் 6, 3டி-இல் 6, 4எஸ்-இல் 2. இந்த வரிசைக்கு வகுப்பில் 'எலக்ட்ரான் அமைப்பு' என்கிறோம். அணு அமைப்பு, படிக அமைப்பு என்று அதே காணொளியில் மற்ற 'அமைப்பு'களும் வந்து குழப்புகின்றன. வேறு சொல் உண்டா?

யாழ்ப்பாணம்:
இங்கே 'இலத்திரன் நிலையமைப்பு' என்றுதான் படிப்பிக்கிறோம். பிள்ளைகளுக்கு விளங்குகிறது. அதையே எடுங்கள்.

தஞ்சாவூர், தமிழாசிரியர் (ஓய்வு):
புதுச்சொல் தேட வேண்டாம் அம்மா. தொல்காப்பியர் சொன்ன நான்கு பொருள்கோளில் (செய்யுளின் சொற்களைப் பொருளுக்கேற்ப இணைத்துக்கொள்ளும் முறைகளில்) முதலாவது நிரனிறை: ஒரு வரிசைச் சொற்களுக்கு அடுத்த வரிசைச் சொற்கள் முறையே பொருந்துவது. 'அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை பண்பும் பயனும் அது': அன்புக்குப் பண்பு, அறனுக்குப் பயன். இங்கே துணைக்கூட்டுக்கு எண்ணிக்கை. நிரல், நிரை, நிரப்பு மூன்றும் ஓரினம் என்பது என் துணிபு; நிரப்புவதுதானே நீங்கள் செய்வதும்? எலக்ட்ரானுக்கு எதிர்மின்னி என்று கொண்டு 'எதிர்மின்னி நிரனிறை' என்க.

பாளையங்கோட்டை:
ஐயா, எங்கள் நூலில் நிறை வேறு பொருள்; ஆங்கிலத்தில் 'மாஸ்' என்பதையே நிறை என்கிறோம். இரும்பின் அணு நிறை 55.85 என்று எழுதிய கையோடு நிரனிறை என்றால் பிள்ளைகள் அதையும் நிறைக் கணக்கு என்றே எடுத்துக்கொள்வார்கள்.

யாழ்ப்பாணம்:
எங்களுக்கோ நிறை என்றால் உங்கள் எடை. உங்கள் நிறையை நாங்கள் திணிவு என்போம். இன்னும் சிக்கல்.

கோயம்புத்தூர்:
'எலக்ட்ரான் பகிர்வு'? எளிமை.

பாளையங்கோட்டை:
சகப்பிணைப்பில் பகிர்வதற்கு என்ன சொல்வது?

தஞ்சாவூர்:
4எஸ் முதலில் நிரம்பும், ஆனால் அயனியாகும்போது அதுவே முதலில் இழக்கும் என்கிறீர்களே, அது எதிர்நிரனிறை, வரிசை தலைகீழாகப் பொருந்துவது! 'விலங்கொடு மக்கள் அனையர் இலங்குநூல் கற்றாரோடு ஏனையவர்' குறளைப் பாருங்கள்: கற்றார் மக்கள், ஏனையவர் விலங்கு என்று மாற்றித்தான் பொருத்துகிறோம். இலக்கணம் முன்பே இடம் வைத்திருக்கிறது.

பாளையங்கோட்டை:
இல்லை ஐயா. எதிர்வரிசை என்றால் கடைசியில் நிரம்பிய 3டி-யிலிருந்து முதலில் போக வேண்டும். இரும்பு இரண்டு எலக்ட்ரான்களை இழக்கையில் 4எஸ்-இல் உள்ள இரண்டும் போகின்றன. 3டி-யில் 6 அப்படியே நிற்கும். மாணவர்கள் மதிப்பெண் இழப்பதே இந்த இடத்தில்தான். இதை நேர், எதிர் என்று பெயரிட்டால் தவறான விதியை மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

கோயம்புத்தூர்:
நேரமாகிறது. நிலையமைப்பு என்றே முடிப்போம்.

பாளையங்கோட்டை:
'எலக்ட்ரான் நிலையமைப்பு' என்று போடுகிறேன். இலத்திரன் எங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லை; யாழ்ப்பாண நண்பர் பொறுத்தருள்க.

தஞ்சாவூர்:
நிலையமைப்பு இடத்தைச் சொல்கிறது, எண்ணிக்கையைச் சொல்லவில்லை. என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். 'ஆர்பிட்டால்' (எலக்ட்ரான் காணப்பட வாய்ப்பு மிகுந்த வெளி) என்பதற்கான தமிழ்ச்சொல் குறித்து நாளை தனி இழை தொடங்குகிறேன்.