முந்திரி கேட்டால் திராட்சை தருகிறார்கள்

பண்ருட்டிக்காரன்:
வேலைக்காகக் கொச்சி வந்து மூன்று வாரம் ஆகிறது. நேற்றுக் கடையில் "முந்திரி கால் கிலோ" என்றேன். கடைக்காரர் கறுப்புத் திராட்சையை எடுத்துத் தராசில் வைத்துவிட்டார். நான் முந்திரித் தோப்பில் வளர்ந்தவன். பழத்துக்கு வெளியே கொட்டை முந்திக்கொண்டு நிற்பதால்தான் அந்தப் பெயர் என்று அப்பா சொல்வார். மலையாளத்தில் அது எப்படித் திராட்சை ஆனது?

நல்லூர்ப்பிள்ளை:
அண்ணா, திராட்சைதான் மூத்தது. யாழ்ப்பாணத்தில் இன்றும் முந்திரிகை என்றால் கொடியில் குலையாகத் தொங்குவதுதான். பொங்கலுக்குச் சாமான் எழுதும்போது அம்மம்மா "கஜு, முந்திரிகை வத்தல்" என்று தனித்தனியாக எழுதுவா. உங்கட மரம் எங்களுக்கு மரமுந்திரிகை.

கோட்டாற்றுக்காரி:
தம்பி சொல்வது சரி. திராட்சைக்குத் தமிழில் கொடிமுந்திரி என்றும் பெயர் உண்டு. வடமொழியில் திராட்சையைக் குறிக்கும் 'ம்ருத்வீகா'தான் முந்திரிகை ஆனது என்பார்கள். கொட்டை மரமோ 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது. அப்பாவின் விளக்கம் அழகானது, ஆனால் வேர் அதுவல்ல என்பது என் எண்ணம்.

பிரேசிலின் துப்பி மக்கள் 'அக்காஜு' என்றதைப் போர்த்துகீசியர் 'காஜு' ஆக்கினார்கள். இந்திக் காஜு, ஆங்கிலக் கேஷ்யூ, மலையாளக் கசுவண்டி எல்லாம் அதிலிருந்து வந்தவை. மலையாளத்தில் பறங்கியண்டி என்றும் சொல்வார்கள்; யார் கொண்டுவந்தார்கள் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. எங்கள் பக்கம் கொல்லாங்கொட்டை.

எனக்கு மிகவும் பிடித்தது தெலுங்குப் பெயர்: ஜீடிமாமிடி. ஜீடி என்றால் சேராங்கொட்டை, மாமிடி என்றால் மா. மூன்றும் ஒரே குடும்பம். துணிக்குக் குறி போடும் சேராங்கொட்டையின் கறுப்புச் சாறு தோலில் பட்டால் கொப்பளித்துவிடும். முந்திரி ஓட்டின் எண்ணெயும் அப்படித்தான். ஐரோப்பிய வைத்தியர்கள் சேராங்கொட்டையைத்தான் முதலில் 'அனகார்டியம்' என்றார்கள். 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் அந்தப் பெயரை முந்திரிக்கு வைத்தார். தெலுங்குக்காரர்களும் அவரும் ஒரே உறவைக் கண்டிருக்கிறார்கள்!

பண்ருட்டிக்காரன்:
ரொம்ப நன்றி அக்கா. ஓட்டெண்ணெய் என்றதும் அம்மாவின் கை ஞாபகம் வந்துவிட்டது. சாம்பலைத் தடவிக்கொண்டுதான் கொட்டை உடைப்பார். அப்படியும் விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்து கிடக்கும்.

இன்று அதே கடையில் "அண்டிப்பரிப்பு" என்று கேட்டு வாங்கினேன். அப்புறம் அப்பாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கொட்டை முந்தி நிற்கிறது நிஜம்தானேடா?" என்றார். நிஜம்தான்.