2010 போர்ஷே 911 வாங்கினால் போட்ட பணம் திரும்ப வருமா? (கோத்தகிரி பக்கம்)

கட்டபெட்டு_பச்சைஇலை:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் கட்டபெட்டு. வீட்டில் நாலரை ஏக்கர் தேயிலை. பச்சை இலை விலை ஏறும் இறங்கும், அதை நம்பியே வாழ்ந்த குடும்பம். எதற்கும் காசை எண்ணித்தான் எடுப்போம். இந்த வருஷம் ரோட்டோரம் இருந்த ஒரு துண்டு நிலத்தை விற்றோம். தங்கச்சி பங்கு கொடுத்து, பேங்க் கடன் அடைத்தது போக என் பேரில் ஒரு தொகை இருக்கிறது.

பதினெட்டு வருஷமாக இலை மூட்டை ஏற்றிக்கொண்டு பிக்கப் ஓட்டுகிறேன். குஞ்சப்பனை ரோட்டில் எந்த வளைவில் எவ்வளவு ஸ்டியரிங் பிடிக்க வேண்டும் என்று கைக்குத் தெரியும். இதே வளைவுகளில், மூட்டை இல்லாமல், ஓட்டுவதற்கென்றே செய்த ஒரு காரை ஓட்ட வேண்டும் என்பது என் ஆசை. வயசு 44.

பெங்களூரில் ஒரு 2010 போர்ஷே 911 கரேரா பார்த்து வைத்திருக்கிறேன். 3.6 லிட்டர், பி.டி.கே. கியர் (இரட்டைக் கிளட்ச், தானாக மாறும்), இரண்டாவது ஓனர், 31,000 கிலோமீட்டர். 58 லட்சம் கேட்கிறார். மச்சான் ஒருத்தர், "லம்போர்கினிதான் விலை இறங்காது" என்று 2009 கல்லார்டோ ஒன்றைக் காட்டுகிறார். அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, கடன் வாங்கினால்தான் முடியும்.

வீட்டில் மனைவி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "மூணு வருஷம் கழிச்சு வித்தா போட்ட காசு வருமா?" தெரியாமல் பதில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோவை_பழைய_வண்டி:

ஏனுங்க, நான் பழைய வண்டி யாவாரந்தான் பண்றேன். வெளிநாட்டுல முழுசா செஞ்சு இங்க வந்து எறங்குற காருக்கு சுங்க வரியே அதோட விலைக்கு மேல. அது போக ரோடு டாக்ஸ். அந்த வரி அத்தனையும் மொத ஓனர் தலையில கரைஞ்சு போச்சு. பதினஞ்சு வருஷம் ஆன 911-ல செங்குத்தா எறங்குற காலம் முடிஞ்சுதுங்க. இனி விலை ஏறுறதும் எறங்குறதும் அந்த ஒரு வண்டி எப்படி இருக்குங்கறதப் பொறுத்துத்தான்.

இன்னொண்ணு இருக்குது. மூணு வருஷத்துக்கு மேல பழசான காரை நம்ம நாட்டுக்குள்ள சாதாரணமா இறக்குமதி பண்ண முடியாது. அதனால 2010 மாடல் 911-னா ஏற்கெனவே இங்க இருக்கற வண்டிக மட்டுந்தான். அதுல அடிபட்டது, தண்ணியில மூழ்குனது போக நல்லது கொஞ்சந்தான் மிஞ்சும். விலை நிக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம். ஆனா வாங்க வர்ற ஆளும் கொஞ்சந்தான். ஸ்விஃப்ட் மாதிரி ஒரு வாரத்துல போகாது. அவசரத்துக்கு வித்தா அடிமாட்டு விலைதான், அதை மனசுல வெச்சுக்கோங்க.

கல்லார்டோ நல்ல வண்டிதான், வேண்டாம்னு சொல்லல. ஆனா அதுல இருக்கற இ-கியர் ஒத்தை கிளட்ச்சுங்க, மெஷின்தான் அதை மிதிக்கும். மே மாசம் சீசன்ல பர்லியார்ல வண்டி வரிசை நகர்றதப் பாத்திருப்பீங்க. ஏத்தத்துல அரை அடி, ஒரு அடின்னு ஊர்ந்தா அந்தக் கிளட்ச் தேய்ஞ்சே போயிரும். மாத்தற செலவுல ஒரு நல்ல சின்னக் காரே வாங்கலாம். கல்லார்டோ மொத்தம் 14,022 செஞ்சாங்க, ஒண்ணு ரெண்டு இல்ல. "லம்போர்கினின்னா விலை இறங்காது"ங்கறது எல்லா லம்போர்கினிக்கும் பொருந்தாதுங்க. கடன் வாங்கி அந்தப் பக்கம் போகாதீங்க.

பேப்பர் ரொம்ப முக்கியம். 2010 வண்டிக்கு ஆர்.சி. பதினஞ்சு வருஷம் முடிஞ்சிருக்கும். வண்டி ஓட்டத் தகுதியா இருக்குங்கற எஃப்.சி. காட்டி அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிக்கணும். 2022 ஏப்ரல்ல இருந்து இறக்குமதி காருக்கு அந்தக் கட்டணம் 40,000 ரூபாய். அதை விக்கறவரே முடிச்சு, வேற மாநிலத்துக்கு வண்டிய மாத்த ஆட்சேபணை இல்லைன்னு தர்ற என்.ஓ.சி. கையில வந்த பொறகு முழுப் பணம் குடுங்க. இங்க கொண்டாந்து ஒரு வருஷத்துக்குள்ள நம்ம நீலகிரி நம்பர் டி.என். 43-க்கு மாத்திருங்க. இல்லாட்டி உங்க வீட்டுக்குப் போக வெளியூர் வண்டி மாதிரி நீங்களே இ-பாஸ் எடுக்கற மாதிரி ஆயிரும்.

சில்வர்ஓக்_குன்னூர்:

தம்பி, நான் ஸ்கூல் டீச்சர். கார் பைத்தியம் எனக்கு இல்லை, அது எங்கள் அப்பாவுக்கு. ஆனால் அவருடைய போர்ஷேயை விற்றவள் நான். அதனால் உங்கள் மனைவி கேட்ட கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

அப்பா எஸ்டேட்டில் 31 வருஷம் வேலை பார்த்தார். ஓய்வு பெற்ற பிறகு 2011-ல் சென்னைக்குப் போய் ஒரு 2004 பாக்ஸ்டர் வாங்கி வந்தார். 2.7 லிட்டர், கையால் போடும் ஐந்து கியர், துணிக் கூரை. 21 லட்சம். அம்மா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. மழை இல்லாத ஞாயிறெல்லாம் காலை ஆறு மணிக்குக் கிளம்பி கோத்தகிரி வழியாகக் கோடநாடு வரை போய், திரும்பும்போது பன் வாங்கி வருவார். 2019 கடைசியில் பக்கவாதம் வந்தது. அதோடு கார் தகரக் கொட்டகையில் நின்றுவிட்டது. இரண்டரை வருஷம். அவருக்கு மருந்து கொடுப்பதும் பள்ளிக்கு ஓடுவதுமாக இருந்த நாட்களில் அந்தக் கொட்டகைப் பக்கம் யாரும் போகவில்லை.

2022-ல் அப்பா போன பிறகுதான் கதவைத் திறந்தேன். நம்ம ஊர் ஈரம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தென்மேற்கில் சாரல், ஐப்பசியில் அடைமழை, நடுவில் பனிமூட்டம். சீட் எல்லாம் வெள்ளையாகப் பூஞ்சணம். ஸ்டியரிங்கில் இரண்டு இடத்தில் மட்டும் அது தடிப்பாக, பஞ்சு மாதிரி படிந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, அப்பா கை வைத்துப் பிடிக்கும் இடம் அது. கையின் எண்ணெய்ப் பசையில் பூஞ்சணம் நன்றாக வளருமாம். அன்றைக்கு அதைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை, கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

கார் ஸ்டார்ட் ஆகவில்லை. சமவெளியில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு லாரியில் ஏற்றி அனுப்பினேன். இன்ஜின் போய்விட்டது, இறக்கித்தான் பார்க்க வேண்டும், நாலு லட்சம் ஆகும் என்றார்கள். நான் பெண் என்பதாலோ, அப்பா இல்லை என்பதாலோ, ஒரு கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லவில்லை. காரைத் திரும்ப ஏற்றி வந்துவிட்டேன். பிறகு அப்பாவின் பழைய நண்பர், எழுபது தாண்டிய மெக்கானிக், வந்து தரை விரிப்பைத் தூக்கினார். அடியில் தண்ணீர். துணிக் கூரை மடங்கும் இடத்தில் மழைத் தண்ணீர் வெளியே போக ஓட்டை உண்டு. அதற்குள் கம்பியை விட்டு இழுத்தார். சில்வர் ஓக் இலை, சீப்பு சீப்பாக, கறுத்துச் சுருண்டு ஒரு கைப்பிடி வந்தது. வெளியே போக வழியில்லாமல் தண்ணீர் உள்ளே இறங்கி, சீட்டுக்கு அடியில் இருக்கும் அலாரம் பெட்டியை நனைத்திருக்கிறது. அது செத்தால் கார் ஸ்டார்ட் ஆகாது. இன்ஜினுக்கு ஒன்றுமே ஆகவில்லை. கொட்டகைக்கு மேலே நிற்கும் அந்த மரத்தைத் தேயிலைக்கு நிழலாக நட்டவரும் அப்பாதான்.

அந்த நிலையில் வந்த முதல் ஆள் 9 லட்சம் சொன்னார். 3.2 லட்சம் செலவு செய்து சரி செய்தேன். பெங்களூரிலிருந்து இன்னொருவர் வந்தார். அவர் காரை அரை மணி நேரம் பார்த்தார், அப்பாவின் பிஸ்கட் டப்பாவை ஒரு மணி நேரத்துக்கு மேல் பார்த்தார். அதில் 2011-லிருந்து ஒவ்வொரு பில்லும் தேதி வாரியாக இருந்தது. 2014-ல் கிளட்ச் மாற்றியபோது, கியர்பாக்ஸ் வெளியே இருக்கிறதே என்று ஐ.எம்.எஸ். பேரிங்கையும் (இன்ஜினுக்குள் சுற்றும் ஒரு தண்டைத் தாங்குவது) அப்பா மாற்றியிருந்தார். அந்தக் கால போர்ஷே இன்ஜினில் அந்தப் பேரிங் உடைந்தால் மொத்த இன்ஜினும் போய்விடும். வந்தவர் அந்த ஒரு பில்லை இரண்டு தடவை படித்து, போட்டோ எடுத்துக்கொண்டார். இரண்டாவது சாவி இருக்கிறதா, ஜாக்கி, டூல் பை இருக்கிறதா என்று கேட்டார். எல்லாம் இருந்தது. 17.5 லட்சம் கொடுத்தார், பேரமே இல்லை.

21-க்கு வாங்கி, பதினோரு வருஷம் கழித்து 17.5. இதைக் கேட்டால் விலை நின்றது என்றுதான் தோன்றும். ஆனால் அந்த டப்பாவில் இருந்த பில்களை ஒரு ராத்திரி உட்கார்ந்து கூட்டினேன். பதினோரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் வந்தது, இன்சூரன்ஸ் சேர்க்காமல். உங்கள் மனைவியிடம் இந்த இரண்டு கணக்கையும் சேர்த்தே சொல்லுங்கள், ஒன்றை மட்டும் சொன்னால் நியாயம் இல்லை.

உங்கள் கார் பற்றி அந்த மெக்கானிக்கிடம் கேட்டேன். 2009 மாடலிலிருந்து 911 கரேராவுக்கு இன்ஜினே புதிது, அந்த ஐ.எம்.எஸ். தண்டே அதில் கிடையாது, அதனால் 2005 முதல் 2008 வரை வந்ததை விட இதற்குத்தான் கேட்பு என்றார். மீட்டரை மட்டும் நம்பாதே, போர்ஷே கம்ப்யூட்டரை மாட்டி இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பார்க்கச் சொல் என்றார். கிலோமீட்டரை அந்த மணியால் வகுத்தால் சராசரி வேகம் வரும். பெங்களூர் நெரிசலிலும் அது மணிக்கு இருபதாவது வர வேண்டும். எட்டு, பத்து என்று வந்தால் மீட்டரில் யாரோ கை வைத்திருக்கலாம். டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம், அதையும் பாருங்கள்.

இன்னொன்றும் சொன்னார். இப்போது பெட்ரோல் பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், இந்தக் கார் அதற்காகச் செய்தது இல்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓட்டிக்கொண்டே இருந்தால் பெட்ரோல் மாறிக்கொண்டே இருக்கும், டேங்கில் மாதக்கணக்காக நிற்க விடக் கூடாது.

எனக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்கிறேன். காரை எங்கே நிறுத்தப் போகிறீர்கள்? தரை மண்ணா, சிமென்டா?

பாலிசி_நண்பன்:

இன்சூரன்ஸ் பற்றி மட்டும் சொல்கிறேன். ஐந்து வயதுக்கு உட்பட்ட காருக்கு ஐ.டி.வி. (கார் மொத்தமாகப் போனால் கம்பெனி தரும் மதிப்பு) எவ்வளவு என்று அட்டவணை உண்டு, ஐந்தாம் வருஷத்தில் 50 சதவீதம் கழியும். அதற்கு மேல் வயதான காருக்குக் கம்பெனியும் நீங்களும் பேசி முடிவு செய்வதுதான் விலை. ஏஜென்ட் பிரீமியம் குறைகிறது என்று 25 லட்சம் போட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்து கார் போனால் கைக்கு வருவது அந்த 25 மட்டுமே. வாங்கிய ரசீது, மதிப்பீட்டாளர் அறிக்கை, போட்டோ எல்லாம் கொடுத்து வாங்கிய விலைக்கு எழுதச் சொல்லுங்கள். இந்த வயது காருக்கு தேய்மானம் கழிக்காமல் முழுசாகத் தரும் ஜீரோ டெப் கிடைப்பது கஷ்டம், அதனால் உடைகிற பாகத்தில் ஒரு பங்கு உங்கள் கையிலிருந்துதான் போகும்.

கட்டபெட்டு_பச்சைஇலை:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். ஸ்டியரிங் பற்றி வந்த இடத்தில் அவள் நிறுத்தச் சொன்னாள், கொஞ்ச நேரம் கழித்துத்தான் மீதியைக் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் போய் வந்தேன். கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஒருவரையும் பணம் கொடுத்துக் கூட்டிப் போனேன். இன்ஜின் 1,290 மணி நேரம். வகுத்தால் 24 வருகிறது, மீட்டர் சரிதான். டயரில் 2215 என்று இருந்தது, பத்து வருஷப் பழசு, நாலும் மாற்ற வேண்டும். சர்வீஸ் புத்தகத்தில் 2016-லிருந்து 2019 வரை ஒரு முத்திரையும் இல்லை. கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வெளிநாட்டில் வேலை, கார் அந்த மூன்று வருஷமும் பேஸ்மென்ட்டில் நின்றது என்று ஒத்துக்கொண்டார். இரண்டாவது சாவி இருக்கிறது. பில் பாதிதான் இருக்கிறது. 51 கேட்டேன், 55-க்குக் கீழே வர மாட்டேன் என்கிறார். ஆர்.சி. புதுப்பித்துத் தருவதற்குச் சம்மதித்தார். கல்லார்டோ வேண்டாம் என்று மச்சானிடம் சொல்லிவிட்டேன்.

மனைவியிடம் இப்படிச் சொன்னேன்: விற்கும்போது வாங்கிய விலையில் பெரும்பகுதி வரும், ஆனால் வருஷம் ஒரு லட்சமாவது அது சாப்பிடும், அந்தப் பணம் திரும்ப வராது. அந்த லட்சத்தை இலைக் காசிலிருந்து எடுக்க மாட்டேன் என்றால் சரி என்றாள். பிக்கப் வாடகையில் வருவதைத் தனியாக எடுத்து வைப்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா, தரை மண்தான். உரமூட்டை அடுக்கும் கொட்டகை அது. நேற்று கொத்தனாரை வரச் சொல்லி அளந்தாயிற்று. சிமென்ட் போட்டு, காய்ந்த பிறகுதான் 55-க்குச் சரி சொல்வேன், அதற்குள் வேறு யாராவது வாங்கினால் வாங்கிக்கொள்ளட்டும். உர மூட்டையை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டுமா?

சில்வர்ஓக்_குன்னூர்:

கட்டாயம் மாற்றுங்கள் தம்பி. உப்பு உரம் ஈரத்தை இழுத்து இரும்பை அரித்துவிடும். சிமென்டுக்கு அடியில் தடித்த பாலிதீன் ஷீட் விரிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மண்ணின் ஈரம் மேலே ஏறும். வண்டியை மூடி வைக்கிற கவர் மூச்சு விடுகிற துணியாக இருக்கட்டும், பிளாஸ்டிக் வேண்டாம். எங்கள் வீட்டு அலமாரியில் பட்டுப் புடவைக்காக அம்மா ஒரு 40 வாட் குண்டு பல்பு எரிய விடுவாள். மழைக்காலத்தில் அப்பா அதே போல ஒன்றைக் கம்பிக் கூண்டுக்குள் வைத்துக் காருக்குப் பக்கத்தில் தொங்கவிடுவார். அவர் நன்றாக இருந்தவரை அந்தக் கொட்டகையில் பூஞ்சணம் வந்ததில்லை. அந்தக் கூண்டு இன்னும் இங்கேதான் இருக்கிறது. குன்னூர் வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.