ராஜபாளையம் நாய்க்குட்டிக்கு வீட்டுச் சாப்பாடு: கால்சியம் அளவு சொல்லுங்களேன்

காரைக்குடியில் 10 வார ஆண் குட்டி, எடை 7 கிலோ. தாய்ப்பால் மறந்தாயிற்று. இப்போது நாளுக்கு 4 வேளை. 3 மாதத்துக்கு மேல் 3, 6 மாதத்துக்கு மேல் 2 என்று திட்டம். மொத்தமாக எலும்பில்லாத வேகவைத்த கோழி 250 கிராம், முட்டை 1, குழைந்த சோறு 300 கிராம், கொஞ்சம் பரங்கிக்காய்.

சிக்கல் கால்சியத்தில்தான். வெறும் கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் சொற்பம். இப்படியே போனால் கால் வளையும். அதற்காக டானிக்கை அள்ளி ஊற்றவும் பயம். இந்த வயதுக் குட்டியின் குடல் கூடுதல் கால்சியத்தைத் தடுக்காது, பெரிய இனங்களுக்கு எலும்பும் மூட்டும் அதனாலேயே கெடும். முட்டை ஓட்டுத் தூள் அரைத் தேக்கரண்டியில் சுமார் 1 கிராம் கால்சியம் இருக்கிறது. இந்த எடைக்கு நாளுக்கு எவ்வளவு போடுகிறீர்கள்? எடை ஏற ஏற எப்படிக் கூட்டுகிறீர்கள்?

மீந்த குழம்பைப் பிசைந்து வைக்கச் சொல்லாதீர்கள். சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் நம்மூரில் ஏது குழம்பு? இரண்டுமே நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

பெரிய இனக் குட்டிகளுக்கான உலர் தீவனம், பிரித்துக் கொட்டி விற்காமல் சீல் வைத்த பையில், தேவகோட்டை வரை எங்கே கிடைக்கும்? அதற்கு மாறினால் ஓட்டுத் தூளை அடியோடு நிறுத்தணும் என்பது தெரியும். பாதி தீவனம், பாதி வீட்டுச் சாப்பாடு கொடுப்பவர்கள் கணக்கு எப்படிப் போடுகிறீர்கள்?