குளம் எண்டு எழுதினது பிரெஞ்சில யுத்த டாங்கியாப் போச்சு – உங்களுக்கும் இப்படி நடந்ததா?

தம்பலகாமத்தான்

ரெண்டு கிழமையா இது மனசில கிடந்து அரிக்குது, அதான் எழுதுறன்.

தங்கச்சி பிரான்சில. அவட அகதிக் கேசுக்கு வீட்டில இருந்து ஒரு கடிதம் கேட்டிருந்தா, அப்பா 1990இல எப்படிக் காணாமல் போனார் எண்டு. நான்தான் இங்கிலீசில எழுதி அனுப்பினன். நம்மட ஆக்களுக்கு விளக்கத் தேவையில்லை, இலங்கை இங்கிலீசில குளம் எண்டால் 'டாங்க்'. கந்தளாய்க் குளம் 'கந்தளாய் டாங்க்'. படிச்ச நாளில இருந்து அப்படித்தான் எழுதிப் பழக்கம். அப்பா போகம் முடியும் வரைக்கும் ராவில 'டாங்க்'குக்குப் பக்கத்தில காவல் படுக்கிறவர், கடைசியா அவரைக் கண்டதும் 'டாங்க்' அடியிலதான் எண்டு எழுதினன். அங்க அதைப் பிரெஞ்சுக்கு மாத்தின ஆள் 'ஷார்' எண்டு போட்டிட்டார். ஷார் எண்டால் இராணுவ டாங்கி.

நேர்காணலில கேட்டிருக்கினம்: "உங்கட தகப்பன் ஏன் யுத்த டாங்கிக்குப் பக்கத்தில படுத்தவர்? அது எந்தப் படையிட டாங்கி?" தங்கச்சிக்கு ஒண்டும் விளங்கேல்ல. அப்பா காணாமல் போகேக்க அவளுக்கு நாலு வயசு. தனக்குத் தெரியாத எதையோ நான் எழுதிட்டன் எண்டு நினைச்சிருக்கிறாள். அண்டிரவு போன் எடுத்துக் கேட்டது இவ்வளவுதான்: "அண்ணா, அப்பா உண்மையா எங்க படுத்தவர்?"

அந்தக் குரல் இன்னும் காதில நிக்குது. பிழையை எழுத்தில திருத்திக் குடுத்தாச்சு, அது வேற. ஒரு சொல்லால ஒரு பிள்ளை தன்ர தகப்பனைப் பற்றிச் சந்தேகப்பட்டிட்டாள். உங்களில யாருக்கும் இப்படி நடந்திருக்கா?

நிலாவெளி விடுதி

அண்ணன், வாசிக்கவே கஷ்டமா இருக்கு. எனக்கு நடந்தது இந்தளவு பாரம் இல்லை, ஆனா மறக்கேலாது.

ஜூலை, ஆகஸ்டில எங்கட பக்கம் பிரெஞ்சுக்காரர் கனபேர் வருவினம், அவைக்கு அது லீவு காலம், எங்களுக்குக் கடல் அடங்கிற காலம். ஒரு தாய், அஞ்சு வயசு மகன். மீன்குழம்பைக் காட்டி ஏதோ கேட்டா. இங்கிலீசில 'ஹொட்' எண்டு எனக்குக் கேட்டது. உறைப்பு இருக்கோ எண்டு கேக்கிறா எண்டு நினைச்சு, "இல்லை, 'ஷோ' இல்லை" எண்டு பிரெஞ்சில சொன்னன். ஷோ எண்டால் சூடு மட்டும்தான். உறைப்புக்கு 'பீக்கான்' எண்டு வேற சொல். சூடு ஆறிட்டுது எண்டு அவ விளங்கிப் பிள்ளைக்கு ஊட்டிட்டா. கொச்சிக்காய் அரைச்சுப் போட்ட சூரைமீன் குழம்பு. அந்தப் பிள்ளை வாயைத் திறந்தபடி, சத்தமே வராமல், கண்ணால தண்ணி ஓட என்னையே பாத்துக்கொண்டு நிண்டது. தயிரும் சீனியும் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்தன்.

பிறகு யோசிச்சால், தமிழில சூடு வேற, உறைப்பு வேற. பிரெஞ்சிலயும் வேற. இங்கிலீசில யோசிச்சதாலதான் ரெண்டும் ஒண்டாப் போச்சு.

இதே மாதிரி வாசல் பலகையில 'ரூம் ஃப்ரீ' எண்டதைப் பிரெஞ்சில 'கிராத்வி' எண்டு போட்டு ஒரு சீசன் முழுக்க வைச்சிருந்தம். கிராத்வி எண்டால் காசில்லாமல். காலியா இருக்குதெண்டால் 'லீப்ர்'. ஒரு வயசான தம்பதிதான் சொல்லித் திருத்தினவை.

கோட்டை வழிகாட்டி

நான் கோணேசர் கோயிலுக்கும் பிரெட்ரிக் கோட்டைக்கும் ஆக்களைக் கூட்டிக்கொண்டு போறனான். பிரெஞ்சுக்காரருக்கு நம்மட ஊரில ஒரு சொந்தம் இருக்கு, அது அவைக்கே தெரியாது. 1782 ஆகஸ்டில சுஃப்ரென் எண்ட கடற்படைத் தளபதி வந்து இங்கிலீசுக்காரரிட்ட இருந்து திருகோணமலையைப் பிடிச்சவர். பிறகு சமாதான ஒப்பந்தத்தோட டச்சுக்காரரிட்டப் போனது. இதைச் சொன்னால் முகம் மலரும்.

'டேக்' எண்ட சொல்தான் எனக்கு வினை. சுஃப்ரென் கோட்டையை 'டேக்' பண்ணினார், 'ப்ரான்ட்ர்', சரி. அதே நினைப்பில, தனியா வந்திருந்த ஒரு பிள்ளையிட்ட "நாளைக்குக் காலமை உங்களைக் கோயிலுக்கு டேக் பண்ணுறன்" எண்டதையும் ப்ரான்ட்ர் போட்டே சொன்னன். கோயில் எண்டது அவவுக்குக் கேக்கேல்லப்போல. அவட முகம் இறுகிப் போச்சு. கைப்பையை முன்னுக்கு இழுத்துப் பிடிச்சா. ஆளைப் பாத்து அந்தச் சொல்லைச் சொன்னால் வேற ஒரு கெட்ட அர்த்தமும் வரும் எண்டு எனக்குப் பிறகுதான் தெரியும். ஆளைக் கூட்டிக்கொண்டு போறதுக்கு 'அம்னே'. சாமானை எடுத்துக்கொண்டு போறதுக்கு 'அம்போர்த்தே'. பஸ் எடுக்கிறதுக்கு ப்ரான்ட்ர்.

கையெடுத்து மன்னிப்புக் கேட்டன். அவ கோயிலுக்கு வந்தா, ஆனா என்னோட வரேல்ல. எனக்கும் ரெண்டு பொம்பிளைப் பிள்ளைகள். அந்தக் கைப்பையைப் பிடிச்ச விதம் இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது.

ஓய்வுபெற்ற ஆசிரியர், உவர்மலை

எல்லாரும் இங்கிலீசில பழியைப் போடுகிறீர்கள். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. பல பொருள் ஒரு சொல் எல்லா மொழியிலும் உண்டு. 'ஆறு' என்றால் நதியா, எண்ணா, தணிவதா? 'மாலை' என்றால் பொழுதா, பூவா? சூழலைப் பார்க்காமல் மொழிபெயர்த்தது மொழிபெயர்த்தவரின் குறை. தம்பலகாமத்துத் தம்பி கோபிக்கக்கூடாது, வயல், போகம், காவல் என்று அந்தக் கடிதத்தில் இருந்திருந்தால் நிதானமாக வாசிக்கிற யாரும் டாங்கி என்று எழுதமாட்டார்.

என்னுடைய அனுபவம் சிறியது. மகனின் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது 'கெட்' என்ற சொல்லில் பேத்தி அழுதுவிட்டாள், அவ்வளவுதான். ஆனால் அதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட முறையைச் சொல்கிறேன்.

'கெட்' என்ற சொல்லை நேரே பிரெஞ்சுக்குக் கொண்டுபோகவே கூடாது. முதலில் அந்த இடத்தில் அது என்ன வேலை செய்கிறது என்று பார்த்து, ஒரே பொருள் உள்ள வேறு இங்கிலீசுச் சொல்லைப் போடுங்கள். கடிதம் 'கெட்' பண்ணினேன் என்றால் கிடைத்தது, 'ரெசவ்வார்'. 'கெட் ஓல்ட்' என்றால் மூப்படைவது, அதற்குத் தனி வினையே உண்டு, 'வியெயீர்'. பஸ்ஸில் இருந்து 'கெட் ஓஃப்' என்றால் இறங்குவது, 'தெசான்ட்ர்'. டொக்டரை 'கெட்' பண்ணு என்றால் போய்க் கூட்டிவா, 'அலே ஷெர்ஷே'. விளங்கியதா என்ற பொருளில் வந்தால் 'கொம்ப்ரான்ட்ர்'. பாடுபட்டுப் பெற்றால் 'ஒப்த்னீர்'. ஒரு சின்னச் சொல்லுக்கு ஆறு வினை! அகராதியில் முதலில் நிற்கும் சொல்லை எடுத்தால் ஆறில் ஐந்து தடவை பிழைதான்.

'லீவ்' என்பதும் அப்படியே. வீட்டை விட்டுப் போனால் 'கித்தே', அதற்குப் பின்னால் எதை விட்டார் என்று கட்டாயம் வரவேண்டும். சும்மா புறப்பட்டால் 'பார்த்தீர்'. திறப்பை மேசையில் விட்டால் 'லெசே'. 'டைம்' என்றால் காலத்துக்கு 'தான்', மணிக்கு 'அர்', தடவைக்கு 'ஃப்வா'. 'நோ' என்றால் ஆளைத் தெரிவது 'கொனெத்ர்', நீந்தத் தெரிவது 'சவ்வார்'. இவற்றைக் கொப்பியில் பட்டியல் போட்டுப் பாடமாக்காதீர்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் உங்கள் வீட்டில் நடக்கிற ஒரு வசனம் எழுதி வையுங்கள். பேத்திக்கு அப்படித்தான் நின்றது.

தம்பலகாமத்தான்

ஐயா, கோபம் இல்லை. கடிதத்தில வயலும் இருந்தது, காவலும் இருந்தது. எங்கட பகுதியில கலவரக் காலத்தில இராணுவம் வயலுக்குள்ளயும் நிண்டதுதானே, வாசிக்கிற ஆளுக்கு டாங்கியும் பொருந்தித்தான் இருக்கும். அதுதான் எனக்குப் பயம். பொருந்தாத பிழை உடனே பிடிபடும். பொருந்துற பிழை அப்படியே உள்ள போயிடும்.

கச்சேரியடி தட்டெழுத்து

ஐயா சொன்னது கடிதத்துக்குச் சரி. பத்திரத்துக்குச் சரிவராது. பத்திரத்தில சூழலே இல்லை, ஒரு பெட்டி, அதுக்குள்ள ஒரு சொல், அவ்வளவுதான்.

விவாகச் சான்றிதழில ஆம்பிளைக்கு 'பச்சலர்', பொம்பிளைக்கு 'ஸ்பின்ஸ்டர்' எண்டு இருக்கும். மணமாகாதவர் எண்டுதான் அர்த்தம். சல்லிக் கிராமத்தில கடற்தொழில் செய்யிற ஒரு தம்பி, பிரான்சில இருக்கிற மனிசியிட்டப் போறதுக்குப் பத்திரம் அனுப்பினவர். எங்கயோ போனில மாத்தின பிரதியைக் கொண்டுவந்து காட்டினார். அவருக்குப் பக்கத்தில 'லிசான்ஸ்' எண்டு கிடந்தது, பல்கலைக்கழகப் பட்டம். பெண்ணுக்குப் பக்கத்தில 'வியெய் ஃபீய்', கலியாணமாகாமல் கிழடாப் போனவள் எண்ட மாதிரி ஒரு சொல். அந்தப் பிள்ளைக்கு 23 வயசு.

"அக்கா, இதில என்ன இருக்கு?" எண்டு அவர் கேட்டார். பட்டத்தைச் சொன்னன். மற்றதைச் சொல்ல வாய் வரேல்ல. ரெண்டு பெட்டிக்கும் ஒரே சொல்தான், 'செலிபத்தேர்'. ஆணுக்கும் அதே, பெண்ணுக்கும் அதே. தயவுசெய்து பத்திரங்களைப் போனில மாத்தாதேங்கோ. அங்க நீதிமன்றத்தில பதிஞ்ச சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் இருக்கினம், அவையிட்டக் குடுங்கோ.

கிண்ணியா ராத்தா

எனக்கு நடந்தது ஒரு வரியில. அவர் அங்க, நானும் புள்ளையளும் இங்க. பெருநாளைக்கு அவருக்கு ஒரு மெசேஜ், நான் பிரெஞ்சு படிக்கிறன் எண்டு காட்ட ஆசைப்பட்டு, 'ஐ மிஸ் யூ' எண்டதை அப்படியே சொல்லுக்குச் சொல் போட்டன்: 'ஜ த மாங்க்'. அவர் கனநேரம் ஒண்டும் எழுதல்ல. பிறகு "ஓம், நீங்க இல்லாம எனக்குக் கஷ்டந்தான்" எண்டு பதில் வந்திச்சு. நான் சொன்னதுக்கு அர்த்தம் 'நான் இல்லாம உங்களுக்குக் கவலையா இருக்கு' எண்டாம். தலைகீழ்!

'தியு ம மாங்க்' எண்டுதான் சொல்லணும். நீங்க எனக்கு இல்லாம இருக்கீங்க எண்ட மாதிரி. நம்மட 'எனக்கு' அப்படியே அதுக்குள்ள இருக்கு, பாருங்க. 'எனக்குப் பிடிச்சிருக்கு' எண்டதும் அப்படித்தான், 'ச ம ப்ளே'. தமிழில இருந்து நேரப் போயிருந்தா எனக்குப் பிழைச்சிருக்காது. ஆசிரியர் ஐயா மன்னிக்கணும், நடுவில இங்கிலீசுச் சொல்லை மாத்திப் போடச் சொல்றீங்க. நான் சொல்றன், நடுவில இங்கிலீசே வேணாம்.

ஆனா அவர்ட பதிலும் பொய் இல்லத்தானே. அதை இன்னும் அழிக்காம வச்சிருக்கன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், உவர்மலை

மகள் சொல்வதில் பாதி உண்மை. 'யூ' என்பதற்குத் தமிழில் நீயும் நீங்களும், பிரெஞ்சில் 'தியு'வும் 'வூ'வும், அந்தளவில் நாமும் அவர்களும் ஒரு பக்கம். ஆனால் கோடு ஒரே இடத்தில் விழாது. இங்கே பிள்ளைகள் அம்மம்மாவை 'நீங்கள்' என்பார்கள், அங்கே வளர்கிற பிள்ளை அம்மம்மாவை 'தியு' என்றுதான் கூப்பிடும். அது அன்பு, மரியாதைக் குறைவு இல்லை. தமிழை அப்படியே தூக்கி வைத்தாலும் பிழைக்கும்.

மூதூர் துறையடி

குளத்தைப் பற்றி வாசிச்ச பிறகு எழுதாமல் இருக்கேலாமல் போச்சு. 2006 ஆகஸ்டில சண்டை வந்து நாங்க ஊரை விட்டுக் கந்தளாய்க்கு ஓடினது எல்லாருக்கும் தெரியும். பிறகு ஒரு உதவிக்காக அதை எழுதிக் குடுத்தன். 'ஷெல் விழுந்து கூரை போச்சு' எண்டு. ஷெல்லைச் சிப்பி எண்டு மாத்திட்டினம். 'கொக்கியாஜ்.' எங்கட வீட்டுக் கூரையில ஒரு சிப்பி விழுந்தது எண்டு.

அதை என் முன்னால வாசிச்ச பிரெஞ்சு அம்மா சின்னதாச் சிரிச்சா. கெட்ட மனுசி இல்லை, கடற்கரை ஊர் எண்டு தெரியும், அழகான ஏதோ எண்டு நினைச்சிருப்பா. நான் நெஞ்சில கை வைச்சு, மேலயிருந்து கீழ விழுற மாதிரிக் காட்டி, வாயால சத்தம் போட்டுக் காட்டினன். அவட சிரிப்பு நிண்டது. பேனையை எடுத்து அந்தச் சொல்லை வெட்டி மேல எறிகணைக்கான 'ஒபு' எண்ட சொல்லை எழுதினா. எழுதின கை நடுங்கினது.

நிலாவெளி விடுதி

தம்பலகாமத்து அண்ணன், தங்கச்சியிட கேஸ் என்ன மாதிரி? புதுக் கடிதம் குடுத்திட்டீங்களா?

தம்பலகாமத்தான்

குடுத்தாச்சு. இந்த முறை ராத்தா சொன்ன மாதிரி முழுக்கத் தமிழிலதான் எழுதினன், அங்க பதிஞ்ச ஆள் ஒருவர் நேர பிரெஞ்சுக்கு மாத்தினார். குளத்துக்கு 'ரெசெர்வ்வார்', அதோட நீர்ப்பாசனத்துக்கு எண்டும் சேர்த்திருக்கிறார். குளக்கட்டுக்கு 'தீக்'. காணாமல் போனவருக்கு 'திஸ்பாரியு'. போனில ஒவ்வொரு சொல்லாக் கேட்டு எழுதி வைச்சன். முடிவு இன்னும் வரேல்ல.

எழுதேக்க அம்மா பக்கத்தில இருந்தவ. முடிச்சு வாசிச்சுக் காட்டினன். "காவல் கொட்டில் எண்டு போட்டியா? அவர் வெறும் நிலத்தில படுக்கேல்ல" எண்டா. திரும்பப் பேப்பரை எடுத்துக் கொட்டிலையும் எழுதினன்.