சக்கரம் ஏறாத பானைகள்

அன்புள்ள உறவுகளுக்கு வணக்கம்.

சக்கரம் இல்லாமல் பெண்கள் கையால் மட்டுமே செய்யும் பாண்டங்களை ‘வளர்ச்சி அடையாத தொழில்’ என்று நம்மில் ஒருவர் எழுதியிருந்தார். நான் அப்படிக் கருதவில்லை.

துனிசியாவின் வடக்கிலுள்ள செஜ்னான் பகுதிப் பெண்களை எடுத்துக்கொள்வோம். 2018-ல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்ற கைத்திறன் அவர்களுடையது. ஓடைப் படுகையிலிருந்து வெட்டிய களிமண்ணை உடைத்து, கல் நீக்கி, ஊறவைத்துப் பிசைந்து, அதில் சுட்ட மண்ணோட்டை இடித்த பொடியைக் கலக்கிறார்கள். அந்தப் பொடியில்தான் சூட்சுமமே இருக்கிறது. சூளை இல்லாமல் திறந்தவெளியில் சுடும்போது வெப்பம் படிப்படியாக ஏறாது. சில நிமிடங்களிலேயே பல நூறு பாகைக்குத் தாவிவிடும். மண் மிக நைசாக இருந்தால், உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி, வெளியேற வழியின்றிப் பாண்டத்தையே வெடிக்க வைத்துவிடும். ஓட்டுப்பொடியோ ஆவிக்கு வழிவிடுகிறது. ஏற்கெனவே சுட்டது என்பதால் மீண்டும் அதிகம் சுருங்காமல் விரிசலையும் தடுக்கிறது.

இத்தகைய சொரசொரப்பான மண்ணைச் சுழலும் சக்கரத்தில் வைத்து இழுத்தால் விரல்தான் தேயும். அதையே திரிதிரியாக உருட்டி, வளையமாக அடுக்கி, பொருத்துவாய் தெரியாமல் விரலால் தேய்த்து உயர்த்தினால் சுவர் உறுதியாக நிற்கும். ஆகவே சக்கரம் இல்லாதது குறையன்று. அந்த மண்ணுக்கும் அந்தத் தீக்கும் ஏற்ற வழி அதுவே. (செஜ்னானில் விற்பனையில் ஆண்களும் பங்கெடுக்கிறார்கள், செய்முறை முழுவதும் பெண்கள் கையில்தான்.)

நைஜீரியாவின் மட்பாண்டக் கலைஞர் லாடி குவாலியும் சிறுவயதில் தம் அத்தையிடம் இந்தத் திரிமுறையைக் கற்றவர். சக்கரம் சுழல்வதற்குப் பதிலாக அவரே பானையைச் சுற்றி நடந்து வனைவார். 1954-ல் அபுஜா மட்பாண்டப் பயிற்சி மையத்தில் சேர்ந்த முதல் பெண் அவர்தான். சக்கரத்தையும் அங்கே பழகினார். ஆயினும் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தவை கையால் எழுப்பி, பல்லியும் பாம்பும் கீறி, பளபளப்புப் பூச்சிட்டு உயர்வெப்பத்தில் சுட்ட பெரிய பானைகளே. இன்று அந்நாட்டின் 20 நைரா தாளில் அவர் உருவம் இருக்கிறது. அவர் பானைகளின் பளபளப்புப் பூச்சுக்கும் ஒரு விலை உண்டு: நுண்துளைகள் அடைபட்டுவிடுவதால் நீர் கசிந்து ஆவியாக வழியில்லை, அவருடைய ஊர்ப் பானையில் தண்ணீர் குளிர்ந்ததைப்போல இதில் குளிராது.