கூலிமுக்கு குவாண்டம் கம்பெனி வருமா? பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

பாடாங்செராய் டீச்சர்:

வணக்கம். மலேசியாவில் கெடா மாநிலத்தில், கூலிம் பக்கம் இருக்கும் பாடாங் செராயில் சாயந்திர நேரத்தில் நாலாம், ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு பிஸிக்ஸ் டியூஷன் எடுக்கிறேன். பாதிப் பேர் தோட்டத்திலிருந்து வருகிறவர்கள். அப்பா செம்பனைக் குலை வெட்டுவார், அம்மா கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலைக்குப் போவார். ஐந்தாம் படிவப் புத்தகத்தில் கடைசி அத்தியாயம் குவாண்டம் இயற்பியல். அதை ஆரம்பித்த உடனே பையன்கள் கேட்கிறார்கள்: "இதுக்கு இங்க வேலை இருக்கா டீச்சர்?"

ஏதாவது பதில் சொல்ல வேண்டுமே என்று தேடிப் படித்தேன். சிங்கப்பூர் 2024-இல் குவாண்டம் துறைக்காக ஐந்து வருடத்துக்கு ஏறக்குறைய 300 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி ஒதுக்கியிருக்கிறது. அதே வருடம் ஆஸ்திரேலிய மத்திய அரசும் குயின்ஸ்லாந்து அரசும் சேர்ந்து 940 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் போட்டு, குவாண்டம் விதிகளை வைத்துக் கணக்குப் போடுகிற கம்ப்யூட்டர் செய்யும் சைகுவாண்டம் என்ற அமெரிக்கக் கம்பெனியை பிரிஸ்பேனுக்கு அழைத்தன. இந்தியா அதற்கு முந்தின வருடமே 6,000 கோடி ரூபாய்க்கு மேல் போட்டுத் திட்டம் தொடங்கிவிட்டது.

நம் பக்கம் கம்பெனிகள் வர எது வேண்டும்? டேட்டா சென்டருக்குக் கொடுப்பது மாதிரி நிலமும் கரண்டும் வரிச்சலுகையும் கொடுத்தால் போதுமா? கூலிமில் வேலை பார்த்தவர்கள் யாராவது விவரமாகச் சொல்லுங்கள்.

வேக்கம் மணியம்:

டீச்சர், நான் கூலிம் ஹைடெக்கில் வேக்கம் பம்ப் (காத்தை இழுத்து வெற்றிடமாக்குற பம்ப்) மெயின்டனன்ஸில் இருந்து ரிட்டயர் ஆனவன். எந்த பெக்டரி என்பது வேண்டாம். குவாண்டம் கணக்கு எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் குவாண்டம் கம்ப்யூட்டர் எதில் ஓடுது என்று தெரியும்.

பேப்பரில் தங்க நிறத்தில் சரவிளக்கு மாதிரி தொங்குமே, அது கம்ப்யூட்டர் இல்லை, ஃபிரிட்ஜ். சிப் அடியில் சின்னதா இருக்கும். ஹீலியம்-3, ஹீலியம்-4 ரெண்டையும் கலந்து சுத்த விட்டு, குளிரோட கடைசி எல்லையான மைனஸ் 273.15-க்கு ஒரு டிகிரியில் நூத்தில் ஒரு பங்குதான் மேலே என்கிற அளவுக்குக் குளிர வைக்கிறாங்க. எல்லா வகைக்கும் இவ்வளவு குளிர் வேண்டாம். அயனியை (மின்னூட்டம் உள்ள அணுவை) பிடிச்சு வைக்கிற வகைக்கு லேசரும் நல்ல வேக்கமும்தான் உயிர். எதுவா இருந்தாலும் பைப், பம்ப், சீல், கேபிள், எலக்ட்ரானிக்ஸ் இல்லாம ஓடாது. அதைப் பார்க்கிறதுக்கு டாக்டர் பட்டம் வாங்கினவன் மட்டும் போதாது.

ஒரு லீக் டெஸ்ட் எப்படி என்று சொல்றேன். சேம்பரில் இருக்கிற காத்தை இழுத்துட்டு, ஹீலியம் உள்ளே வந்தா காட்டுற டிடெக்டரை மாட்டி, வெளியே ஒவ்வொரு ஜாயின்டிலும் ஹீலியத்தை மெல்லிசா ஊதணும். மேலே இருந்துதான் ஆரம்பிக்கணும். ஹீலியம் லேசு, மேலே ஏறும். கீழே முதல்ல ஊதினா மேலே இருக்கிற ஓட்டையில் புகுந்து, நம்பர் ஏறும். நாம கீழ் ஜாயின்டைக் கழட்டிக்கிட்டு நிப்போம். புதுப் பையன்கள் ஊத்துற வேகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சிடும், இவன் இன்னைக்கு முழுக்க ஓட்டை தேடப் போறான் என்று. பொறுமைதான் அங்கே படிப்பு. ஜாயின்ட் நடுவில் வைக்கிற செம்பு வளையத்தை, காஸ்கெட்டை, ஒரு தடவைக்கு மேல போடக்கூடாது, கையுறை இல்லாம தொடக்கூடாது. இதெல்லாம் பழக வருஷக்கணக்கு ஆகும்.

இப்போ உங்க கேள்விக்கு வர்றேன். பின்லாந்தைப் பாருங்க. ஹெல்சிங்கி பக்கத்தில் லௌனஸ்மா என்கிற பேராசிரியர் 1965-இல் கடுங்குளிர் ஆய்வுக்கூடம் ஒன்னு ஆரம்பிச்சார். அப்போ குவாண்டம் கம்ப்யூட்டர் என்கிற பேச்சே கிடையாது. அந்த வழியில் வந்தவங்க 2008-இல் ப்ளூஃபோர்ஸ் என்கிற கம்பெனி ஆரம்பிச்சு ஃபிரிட்ஜ் செய்ய, இன்னைக்கு உலகம் பூரா ஆய்வுக்கூடங்கள் அவங்ககிட்ட வாங்குது. பத்து வருஷம் கழிச்சு 2018-இல் அதே ஊரில் ஐக்யூஎம் என்கிற கம்ப்யூட்டர் கம்பெனி. ஃபிரிட்ஜ் முதல்ல, கம்ப்யூட்டர் பிறகு.

நம்ம பினாங்கும் அப்படித்தான். 1972-இல் சிப் கம்பெனி இன்டெல் பாயான் லெப்பாஸில் வந்து உக்காந்தது. கம்பெனி வந்ததோட நின்னிருந்தா சம்பளத்தோட முடிஞ்சிருக்கும். சுத்திலும் ஜிக் (வேலை செய்யும்போது பொருளைப் பிடிச்சு வைக்கிற கருவி) செய்றவன், மோல்டு செய்றவன், மெஷின் ஷாப் வச்சவன் கிளம்பினான். 1989-இல் பெக்டரிகளும் மாநில அரசும் சேர்ந்து பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கினாங்க. வெளியே போட்டி போடுற கம்பெனிகள் ஆளைப் பழக்குறதுல மட்டும் ஒண்ணா நின்னுச்சு. கட்டடம் கட்டிட்டுக் கம்பெனியைக் கூப்பிடுறதைவிட இந்த மாதிரி ஒரு மையத்தில் குளிர், வேக்கம், லேசர் மூணையும் கத்துக் கொடுக்கிறது நல்லது. அரசாங்கம் ஒரு மெஷினை வாங்கிப் போட்டு, நம்ம பிள்ளைங்க திருகிப் பார்க்க விடணும். எங்கேயோ இருக்கிற மெஷினை நெட்ல ஓட்டினா ஓட்டை எங்கே இருக்கு என்று ஒருத்தனுக்கும் தெரியாது.

துவாஸ் ராஜா:

அண்ணன் சொன்னது சரி. சுங்கைப்பட்டாணிக்காரன், இப்போது சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். இங்கே எல்லாரும் 2024 அறிவிப்பைத்தான் பார்க்கிறார்கள். குவாண்டம் தொழில்நுட்ப மையம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது 2007-இல். ஆர்ட்டர் எக்கெர்ட் என்ற இயற்பியலாளரைத் தலைவராகக் கூட்டிவந்தார்கள். கம்பெனி எதையும் கேட்காமல் வருடக்கணக்கில் ஆராய்ச்சிக்கு மட்டும் காசு கொடுத்தார்கள். அங்கே ஆய்வாளராக இருந்த ஜோ ஃபிட்ஸ்சைமன்ஸ் 2018-இல் ஹொரைசன் குவாண்டம் என்ற கம்பெனியைத் தொடங்கினார். 2019-இல் அந்த மையத்துக்காரர்கள் ஒளித்துகள் இணைகளை உண்டாக்குகிற ஒரு குட்டிச் செயற்கைக்கோளையும் விண்வெளிக்கு அனுப்பினார்கள். வெளிநாட்டுக் கம்பெனிகள் இங்கே வருவது ஆளைத் தேடித்தான். வாடகை என்னவோ கழுத்தை நெரிக்கிறது.

ஒரு வருத்தமும் உண்டு. என் பிரிவில் கெடாக்காரர், பேராக்காரர் என்று மலேசியர் நிறைய. ஊரில் இதே வேலை இருந்திருந்தால் பாதிப் பேர் வந்திருக்கவே மாட்டோம்.

லயத்துக்காரன்:

கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானமேறி வைகுண்டம் காட்டுவானாம். தோட்டத்தைத் துண்டு போட்டு வித்தப்பவும் "புது வேலை வரும்" என்றுதான் சொன்னார்கள். 2024-இல் மலேசிய அரசின் செமிகண்டக்டர் (சிப்) வியூகம் வந்ததே, 25 பில்லியன் ரிங்கிட், 60,000 இன்ஜினியர்கள் என்று. அந்த அறுபதாயிரத்தில் எங்கள் தோட்ட லயத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று யாராவது எண்ணுவார்களா? நாலாம் படிவத்தில் சயன்ஸ் வகுப்பே கிடைக்காமல் திரும்புகிற பிள்ளையிடம் குவாண்டம் பேசாதீர்கள்.

பாடாங்செராய் டீச்சர்:

லயத்துக்காரன் அண்ணே, கோபம் நியாயமானது. ஆனால் சயன்ஸ் எடுத்த பிள்ளைகள் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். மணியம் அண்ணே, போலிடெக்னிக் போகிற பையன் எதைப் பிடித்துக்கொண்டால் பிற்காலத்தில் இதற்கும் ஆகும், கம்பெனி வராவிட்டாலும் பிழைக்கலாம்?

வேக்கம் மணியம்:

மெக்கட்ரானிக்ஸ் இல்லாட்டி எலக்ட்ரானிக்ஸ் டிப்ளோமா. இன்டர்ன்ஷிப்புக்கு ஆபீஸ் ஏசியில் உக்காராம, பம்ப் ரூமுக்குப் போடச் சொல்லிக் கேக்கணும். குவாண்டம் வராட்டியும் சிப் பெக்டரி ஒவ்வொண்ணிலும் வேக்கம் இருக்கு, சோறு போடும். படிக்க முடிஞ்ச பிள்ளை ஆறாம் படிவம் போய் எஸ்டிபிஎம் பரீட்சை எடுத்து பிஸிக்ஸ் டிகிரி போகட்டும், தடுக்காதீங்க.

வீட்டில் பிளேடு நெளிஞ்ச பழைய டர்போ வேக்கம் பம்ப் ஒன்னு கிடக்கு. டியூஷனுக்குக் கொண்டாரவா? கனம் ஜாஸ்தி, மோட்டார் சைக்கிள்ல வராது. மகன் கார் ஃப்ரீயா இருக்கிற சனிக்கிழமையாப் பார்த்துச் சொல்றேன்.