அம்மாவின் சேலையை வெட்டிப் போர்வை தைத்துக் கொடுத்தது தவறா?

ஊசிநூல்_திண்டுக்கல் | ஞாயிறு இரவு 9.40

எங்கள் அம்மா போன வருடம் ஆடியில் தவறிவிட்டார். பீரோவில் 26 சேலைகள் இருந்தன. நான்கு பட்டு, அவற்றை அக்கா, தங்கை, அண்ணி, நான் என்று ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டோம். மீதி எல்லாம் வீட்டில் கட்டுகிற பருத்திச் சேலைகள். சின்னாளப்பட்டிச் சுங்குடி, கோ-ஆப்டெக்ஸ் தீபாவளித் தள்ளுபடியில் எடுத்தது, திருவிழாவுக்கு யாராவது எடுத்துக் கொடுத்தது. அம்மா இருந்த வீட்டில் நான்தான் இருக்கிறேன் என்பதால் "நீயே வைத்துக்கொள்" என்று எல்லோரும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதில் ஒன்பது சேலையை எடுத்து மூன்று போர்வை தைத்தேன். கடையில் குயில்ட் என்கிறார்களே, அது மாதிரி. நான்கு அடுக்கு, ஐந்தடி அகலம், ஏழரை அடி நீளம். மேலே ஒட்டுத்துணிகள், அடியில் முழுச் சேலை, எல்லாம் கையால் ஓட்டுத் தையல். ஐப்பசியில் தொடங்கி மாசியில்தான் முடித்தேன். ஒன்று தங்கைக்கு, ஒன்று அண்ணன் மகளுக்கு, ஒன்று அக்காவுக்கு.

தங்கை தினமும் அதைத்தான் போர்த்துகிறாள். அண்ணன் மகள் விடுதிக்கே எடுத்துப் போய்விட்டாள். அக்கா பார்சலைப் பிரித்ததும் ஃபோன் செய்து அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். "அம்மா சேலையில் கத்தரி வைக்க உனக்கு எப்படி மனசு வந்தது?" என்று கேட்டாள். அவ்வளவுதான், வைத்துவிட்டாள். இன்றோடு பதினெட்டு நாள், பேசவில்லை.

நான் செய்தது தவறா? தைக்கத் தெரிந்தவர்கள் மட்டுமில்லை, இப்படி ஒன்றை வாங்கிக்கொண்டவர்களும் சொல்லுங்கள்.

பெரியகுளத்தான் | ஞாயிறு இரவு 10.25

சகோதரி, நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். தவறுதான். உங்கள் மனசு நல்ல மனசு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் "நீயே வைத்துக்கொள்" என்றால் பத்திரமாக வைத்துக்கொள் என்றுதான் அர்த்தம். ஒரு தடவை வெட்டிவிட்டால் சேலையைத் திரும்பச் சேலையாக்க முடியாது. வெட்டுவதற்கு முன் ஒரு ஃபோன் செய்திருக்கலாம்.

மாடித்தோட்டம்_கோவை | ஞாயிறு இரவு 11.02

பெரியகுளத்து அண்ணா, பத்திரமாக என்றால் எங்கே? ட்ரங்குப் பெட்டியிலா? எங்கள் பாட்டியின் சேலைகளை அப்படித்தான் 14 வருடம் அந்துருண்டை போட்டுப் பத்திரப்படுத்தினோம். பிரித்தபோது மடிப்பு மடிப்பாக இற்றுப்போயிருந்தது. எடுத்துத் துடைக்கக்கூட ஆகவில்லை. பெட்டிக்குள் வைத்தாலும் துணி போகத்தான் போகிறது. நம் வீடுகளில் பழைய சேலைக்கு எப்போதுமே அடுத்த பிறவி ஒன்று உண்டு. பிறந்த குழந்தையைப் புதுத்துணியிலா கிடத்துகிறோம்? பாட்டி கட்டி நைந்த சேலையில்தானே. தொட்டில் கட்டுவதும் அதில்தான்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்று ஓர் ஊர். அடிமைகளாக இருந்தவர்களின் வம்சத்தார் வாழும் சின்ன ஊர். அங்கே மிசௌரி பெட்வே என்ற பெண்மணி, 1942இல் கணவர் இறந்ததும் அவர் வயலில் போட்டு உழைத்த சட்டை, கால்சட்டைகளைக் கிழித்துப் போர்வை தைத்தார். முட்டி தேய்ந்த இடம், வெளிறின இடம் எல்லாம் அப்படியே அதில் தெரியும். அவரை நினைத்துக்கொள்ளவும் அன்போடு போர்த்திக்கொள்ளவும்தான் அம்மா அதைத் தைத்தார் என்று அவர் மகள் ஆர்லோன்சியா பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த ஊர்ப் பெண்களின் போர்வைகளை 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் சுவரில் மாட்டி வைத்தார்கள். தைத்தது மட்டும் போர்த்திக்கொள்ளத்தான்.

ஊசிநூல் அக்கா, நீங்கள் செய்தது சரி. உங்கள் அக்கா பேசுவார்.

பெரியகுளத்தான் | திங்கள் காலை 6.15

நல்ல கதை, தங்கச்சி. ஆனால் அந்தம்மா தன் கணவரின் துணியைத் தனக்காகத் தைத்தார். அந்த வீட்டிலேயே, அந்தப் பிள்ளைகள் கண் முன்னால். பார்சல் கட்டி இன்னொருவர் வீட்டுக்கு அனுப்பவில்லை. எனக்கு அங்கேதான் வித்தியாசம் தெரிகிறது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவி போய் ஆறு வருடமாகிறது. அவள் தங்கை, இவளுடைய சேலைகளை எடுத்துப் போய் என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் போர்வை தைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். பார்க்க அவ்வளவு அழகு. என் மகனுக்கு அப்போது 11 வயது. பிரித்த உடனே அறையை விட்டுப் போய்விட்டான். அந்தப் போர்வை இருக்கும் கட்டிலில் படுக்கமாட்டேன் என்றான். நாலைந்து மாதம் கழித்துத்தான் காரணம் சொன்னான். அதில் ஊதாப் பூப்போட்ட துண்டு ஒன்று இருந்தது. கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கட்டிக்கொண்டு போனாளே, அந்தச் சேலை. தைத்த பெண் பாவம், அவளுக்கு அது தெரியாது. அவளுக்கு அது அக்காவின் ஊதாச் சேலை, அவ்வளவுதான்.

எந்தத் துணியில் யாருக்கு என்ன இருக்கிறது என்று தைப்பவருக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் கேட்கச் சொல்கிறேன். அந்தப் போர்வையை எறியவும் முடியாது, போர்த்தவும் முடியாது, யாருக்கும் கொடுக்கவும் முடியாது. இன்றும் பரணில் இருக்கிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒட்டடை அடிக்கும்போது கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கிறேன்.

ஸ்காபரோ_பிள்ளை | திங்கள் காலை 8.50

பெரியகுளத்து அண்ணை எழுதியதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். ஆனாலும் என் பக்கத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கட அம்மம்மா யாழ்ப்பாணத்தில் காலமானபோது எங்களால் போக முடியவில்லை. செத்தவீட்டைக் காணொளியில்தான் பார்த்தோம். பிறகு மாமி ஒருவர் வந்தபோது அம்மம்மாவின் நூல்சீலை இரண்டைக் கொண்டுவந்தார். என் அம்மா அவற்றை உள்ளே பஞ்சுத் தகடு வைத்துத் தைத்து, நான் கல்யாணம் கட்டித் தனிவீடு போனபோது தந்தார். இங்கே கனடாவில் தை மாதத்தில் குளிர் சைபருக்குக் கீழே 20 பாகைக்கும் போகும். அந்த நேரம் அது அலங்காரச் சாமான் இல்லை, உண்மையிலேயே தேவைப்படுகிற ஒன்று. சீலையின் வாசம் முதல் சலவையிலேயே போய்விட்டது, அதற்கு நான் அழுதிருக்கிறேன். ஆனால் என் மகள் அம்மம்மாவைக் கண்டதே இல்லை. அவளுக்குத் தெரிந்த பூட்டி அந்தச் சீலைக்கரை மட்டும்தான். விரலால் அந்தக் கரையைத் தடவிக்கொண்டுதான் நித்திரை கொள்வாள்.

கேட்டுத்தான் தைக்க வேண்டும் என்றால் என் அம்மா ஊரில் எத்தனை பேரைக் கேட்டிருக்க வேண்டும்? ஒருவர் வேண்டாம் என்றாலும் என் மகளுக்கு அது கிடைத்திராது.

வகுப்பறை_ஜன்னல் | திங்கள் மதியம் 1.30

உளவியல் பாடம் எடுப்பவள் என்பதால் இரண்டு ஆய்வுகளை மட்டும் சொல்கிறேன். 2015இல் ஃபுக்ஸ், ஷ்ரையர், வான் ஓசலார் மூவரும் வெளியிட்டது ஒன்று. கையால் செய்தது என்று சொன்னாலே அதில் அன்பு சேர்ந்திருப்பதாக மக்கள் நினைக்கிறார்கள், நேசிக்கிறவர்களுக்குக் கொடுக்க அதையே தேடுகிறார்கள் என்று கண்டார்கள். ஊசிநூல் அவர்களின் பக்கத்துக்கு இது வலு. 2011இல் ஜினோவும் ஃபிளினும் வெளியிட்டது இன்னொன்று. தாங்களாக யோசித்துக் கொடுப்பதும் கேட்டதைக் கொடுப்பதற்குச் சமமாகவே மதிக்கப்படும் என்று கொடுப்பவர் நம்புகிறார். வாங்குபவருக்கோ தான் கேட்டது கிடைத்தால்தான் அதிக மகிழ்ச்சி. இது பெரியகுளத்தாருக்கு வலு.

ஆனால் இந்த இரண்டிலும் இறந்துபோன அம்மாவின் சேலை கிடையாது. அதை அளக்க எனக்குத் தெரிந்து அளவுகோல் இல்லை. அக்கா அழுததை வைத்துப் பரிசு தோற்றுவிட்டது என்று நான் சொல்லமாட்டேன்.

ஊசிநூல்_திண்டுக்கல் | திங்கள் இரவு 9.10

எல்லோருக்கும் நன்றி. அண்ணா, உங்கள் மகன் விஷயம் படித்துவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்பதற்கு உண்மையான பதிலைச் சொல்லிவிடுகிறேன். கேட்டால் அக்கா வேண்டாம் என்பாள் என்று எனக்குத் தெரியும். அவள் சின்ன வயதிலிருந்தே எதையும் எடுத்து வைக்கிறவள். எனக்கோ அந்தப் பீரோவைத் திறக்கவே முடியவில்லை. காரியம் முடிந்து எல்லோரும் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் அந்தச் சேலைகளோடு இருந்தேன். முதல் சேலையை வெட்டிய அன்று கை நடுங்கி, பாதியில் கத்தரியை வைத்துவிட்டுக் கொல்லையில் போய் உட்கார்ந்தேன். அப்புறம் தினமும் ராத்திரி ஒரு மணி நேரம் தைத்தேன். கார்த்திகை வரை அழாமல் தைத்த நாள் கிடையாது. மார்கழியில் எப்போதோ அழாமல் ஒரு வரிசை முடிந்தது. தையில் அம்மாவைப் பற்றிச் சிரித்துப் பேச முடிந்தது.

மாடித்தோட்டம்_கோவை | திங்கள் இரவு 9.45

அக்கா, அப்படியென்றால் இந்தப் போர்வை உங்களையும் காப்பாற்றியிருக்கிறது. இதற்கு மன்னிப்புக் கேட்காதீர்கள். துக்கத்தைக் கையால் செய்து தீர்ப்பது தப்பென்று யாரும் சொல்ல முடியாது.

எல்லாப்பூர்_மருமகள் | திங்கள் இரவு 11.20

ஊசிநூல் அவர்களே, உங்கள் பதிலிலேயே விஷயம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. நீங்கள் ஐப்பசியிலிருந்து மாசி வரை, ஒவ்வொரு ராத்திரியும் கொஞ்சம் கொஞ்சமாக அழுதீர்கள். உங்கள் அக்காவுக்கு அந்த நாலு மாதமும் ஒரே பார்சலில் வந்திருக்கிறது. உங்கள் கை பழகியிருந்தது. அவர் கைக்குப் பழகவே நேரம் கிடைக்கவில்லை. கோபம் என்று நீங்கள் நினைப்பது உங்களுடைய கார்த்திகை மாதமாக இருக்கலாம்.

கணவருக்கு வங்கி மாற்றலாகி உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூரில் நான்கு வருடம் இருந்தோம். அந்தப் பக்கத்துச் சித்தி இனப் பெண்கள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் சந்ததி, பழந்துணியில் கவந்தி என்று போர்வை தைப்பார்கள். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். கடைசியில் நான்கு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்துத் தைப்பார்கள், அதற்குப் பூ என்று பெயர். பூ வைக்காத கவந்தியை முடிந்ததாகவே சொல்ல மாட்டார்கள்.

நான் ஒன்று யோசித்தேன். உங்கள் அக்காவுக்கு ஊசி பிடிக்கத் தெரியுமா? வெட்டாத சேலை மீதம் இருக்கிறது இல்லையா? அவரிடம் போங்கள். பேசவேண்டாம், விளக்கவேண்டாம். சேலைகளை முன்னால் வையுங்கள்.

பெரியகுளத்தான் | செவ்வாய் காலை 6.40

எல்லாப்பூர் அம்மா சொன்னது சரி. என் கருத்து மாறவில்லை, கேட்டுத்தான் வெட்டியிருக்க வேண்டும். ஸ்காபரோ தம்பி சொல்வதும் புரிகிறது, ஆனால் அங்கே அம்மா பிள்ளைக்குக் கொடுத்தார். உடன்பிறந்தவர்கள் நடுவில் அது வேறு. அந்தச் சேலைகளில் உங்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு, நீங்கள் ஒருவர் தீர்மானித்துவிட்டீர்கள்.

போகும்போது போர்வையைப் பற்றி மட்டும் பேச்செடுக்காதீர்கள். சேலை ஒவ்வொன்றும் எப்போது எடுத்தது என்று அவரையே சொல்லவிடுங்கள். என் மகனிடம் அன்றைக்கு நான் அப்படிக் கேட்டிருக்க வேண்டும்.

ஊசிநூல்_திண்டுக்கல் | அடுத்த ஞாயிறு இரவு 8.30

நேற்றுப் போய்வந்தேன். மீதி இருந்த 13 சேலைகளையும் பையில் எடுத்துப் போய்ச் சோபாவில் வைத்தேன். அக்கா ஒரு வார்த்தை பேசாமல் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். கடைசிச் சேலை வரை பார்த்துவிட்டு, "மாம்பழக் கலர் எங்கே?" என்றாள்.

1994இல் அவள் வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு எடுத்துக் கொடுத்த சேலையாம் அது. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன், எனக்கு அது தெரியவே தெரியாது. அந்தச் சேலை அண்ணன் மகளின் போர்வையில் இருக்கிறது. சொன்னேன். சொல்லும்போது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பெரியகுளத்து அண்ணா, நீங்கள் சொன்னது அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ரொம்ப நேரம் கழித்து அவளே, "சேலையோட உடம்பு கிழிந்திருந்ததா?" என்று கேட்டாள். ஆமாம், உடுத்தி உடுத்தி நடுவில் சல்லடையாகியிருந்தது, நல்ல பாகத்தை மட்டும்தான் எடுத்தேன் என்றேன். முந்தானையை வெட்டவில்லை, வீட்டில் இருக்கிறது என்றும் சொன்னேன். "அதை எனக்கு அனுப்பு. கை வைக்காமல் அனுப்பு" என்றாள்.

இன்று காலையில் அவளே ஃபோன் செய்தாள். முந்தானையிலிருந்து நான்கு மூலைக்கும் தானே துண்டு வெட்டித் தைக்கப்போகிறாளாம். எல்லாப்பூர் அம்மா சொன்ன பூவைப் பற்றி நேற்றுக் கிளம்பும்போது சொல்லியிருந்தேன். தையல் கோணலாகத்தான் வரும், நீ பிரித்துத் தைக்கக் கூடாது என்றாள். போர்வை இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது, கட்டிலுக்கு வரவில்லை.

எல்லாப்பூர் அம்மா, அந்த முக்கோணத்துக்கு எத்தனை அங்குலச் சதுரம் வெட்டவேண்டும்? மடித்ததும் விளிம்பு உள்ளே போகுமா, வெளியே தெரியுமா? மாம்பழக் கலர் சாயம் போகும், தைப்பதற்கு முன் கல் உப்புத் தண்ணீரில் ஒரு தடவை அலசிவிடச் சொல்லட்டுமா? அவள் புதன்கிழமை தொடங்குகிறாள்.